மருதமடு: கோவிலுக்கு முந்திய குடியிருப்பின் வரலாறு குறித்து ஒரு கேள்வி

கேள்வி: ஜம்பட்டா வீதியான்

அனைவருக்கும் வணக்கம்.

நான் கொழும்பு 13 இல் பிறந்து வளர்ந்தவன். என் தந்தைவழிப் பாட்டனார் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நானாட்டான் பகுதியிலிருந்து துறைமுக வேலைக்காக இங்கு வந்து, கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்டவர். "எங்கட ஆக்கள் மாதாவைச் சுமந்துகொண்டு காட்டுக்குள்ள போனவங்கள்" என்று அவர் அடிக்கடி சொல்லுவார். மேலே துருவிக் கேட்டால், "அதெல்லாம் ஒல்லாந்தன் (டச்சுக்காரன்) காலத்துக் கதை" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

மன்னார்க் காட்டிலுள்ள மடு (மருதமடு) மாதா கோவிலின் ஆவணித் திருவிழாவுக்கு இங்கிருந்து புறப்படும் பேருந்துகளில் ஏறினால், அன்னையின் புதுமைகளைப் பற்றியும், பாம்புக்கடிக்கு மருந்தென்று வீட்டுக்கு வீடு தகரப்பேணியில் வைத்திருக்கும் மடு மண்ணைப் பற்றியும், 1924 ஆம் ஆண்டில் மாதாவின் சொரூபத்துக்கு (சிலைக்கு) நடந்த முடிசூட்டு விழாவைப் பற்றியும் வழிநெடுகக் கேட்கலாம். சொரூபத்தைக் கொண்டுபோனவர்கள் யார், காட்டுக்குள் போனபின் எதைத் தின்று எப்படி வாழ்ந்தார்கள், குருவானவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் அவர்கள் எவ்வாறு கத்தோலிக்கராகவே நிலைத்தார்கள் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மடுவில் இன்று கோவில் இருக்கிறது, குருமனை இருக்கிறது, யாத்திரிகர் விடுதிகள் இருக்கின்றன; ஆனால் 350 ஆண்டுகளுக்கு முன் ஓடி வந்து குடியமர்ந்தவர்களின் வழிவந்த ஊர் என்று சுட்டிக்காட்ட அங்கே ஒரு தெருக்கூட என் கண்ணுக்குப் படவில்லை. அந்தக் குடியிருப்பு எங்கே போயிற்று?

மரபாகச் சொல்லப்படுவது எது, ஏட்டில் உள்ளது எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: பழஞ்சுவடி

தம்பி, உங்கள் கேள்விக்கு மடுவிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும். மாந்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டத் துறையை ஒட்டிய இடமே மாந்தை. மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையிலும் கத்தோலிக்க சமயம் வேரூன்றியது 16 ஆம் நூற்றாண்டில். புனித பிரான்சிஸ் சவேரியாரின் பணியோடு தொடர்புடைய அந்த முதற் கிறிஸ்தவர்களுள் 600 முதல் 700 பேர் வரை 1544 இல் யாழ்ப்பாண அரசனான சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர் என்பது திருச்சபை வரலாற்றில் பதிவான செய்தி. போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560 இல். அதாவது, பறங்கியின் கோட்டை எழும்புவதற்கு முன்பே இரத்தம் சிந்திய சமூகம் அது. சமயத்துக்காகத் துன்பப்படுவது என்பது மன்னார்க் கத்தோலிக்கருக்கு ஒல்லாந்தர் வந்து கற்றுக்கொடுத்த பாடமன்று. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், அடுத்த நூற்றாண்டில் அவர்கள் காட்டை நாடியது திடீர்ப் பீதியால் நிகழ்ந்ததாகத் தோன்றாது.

ஒல்லாந்தர் 1656 மே மாதத்தில் கொழும்பையும், 1658 பெப்ரவரியில் மன்னாரையும், அதே ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள்; ஒளிந்திருக்கும் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658 செப்டெம்பரில் கட்டளை பிறந்தது. அது வெறும் மிரட்டல் அன்று. ஒல்லாந்தருக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் சதி நடந்ததென்று கூறி அந்த ஆண்டிலேயே பலரைக் கொன்றபோது, இயேசு சபைக் குரு ஒருவரும் தலை துண்டிக்கப்பட்டார். அப்போது யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் இதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய நூலில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோவில்களும் மாதோட்டப் பகுதிக் கோவில்களும் ஒவ்வொன்றாக விவரிக்கப்படுகின்றன. கத்தோலிக்கர் கட்டிய அந்தக் கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் (புரொட்டஸ்தாந்து) திருச்சபையின் வழிபாட்டிடங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டதை, பெருமையோடு கணக்கு ஒப்புவிக்கும் ஒரு மணியகாரரைப் போல அவர் எழுதிச் செல்கிறார்.

இனி மரபுக்கு வருவோம். 1670 இல் மாந்தையிலிருந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் கோவிலிலிருந்த ஆரோக்கிய மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு பாதுகாப்பான இடம் தேடிப் புறப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து 700 கத்தோலிக்கர், குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள காட்டுநிலமான வன்னிக்குள் நுழைந்தனர். இரு கூட்டத்தாரும் மருதமடுவில் சந்தித்து, அங்கே ஒரு கொட்டிலமைத்துச் சொரூபத்தை நிறுவினர் என்பதே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு, பிற்காலத்தில் எழுதப்பட்ட வரலாறு. 20 என்பதையும் 700 என்பதையும் மரபின் எண்களாகவே கொள்ளுங்கள். ஒல்லாந்தர் தலையெண்ணிப் பதிந்த தொகையென்று கருத வேண்டாம். அங்கே முதற் கோவிலைக் கட்டுவித்தவர் எலேனா என்னும் பெண் என்றும், அவர் ஒரு போர்த்துக்கேயத் தளபதியின் மகள் என்றும், அவர் பெயராலேயே அந்த இடம் சிலேன மருதமடு என வழங்கிற்று என்றும் கூறப்படுவதையும் இதே வரிசையில் வைக்கலாம். எண்களும் பெயர்களும் மரபின் பாற்பட்டவையானாலும், கதையின் அடிப்படையை நான் ஐயுறவில்லை. அதற்குக் காரணம் இடத்தின் அமைவு.

வன்னிக் காடு ஒல்லாந்தருக்கு உரியதென்று வரைபடத்தில் இருந்ததே தவிர, உள்ளே ஆட்சி செய்தவர்கள் பனங்காமம் முதலிய பற்றுகளின் (நிலப்பிரிவுகளின்) தலைவர்களான வன்னியர்கள். அவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைக் கொடுக்க வேண்டும். அதையும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. பனங்காமத்துக் கைலை வன்னியனார் யாழ்ப்பாணக் கோட்டைக்குத் தலைகாட்டவே மறுத்தவர் என்பது தெரிந்த செய்தி. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வீட்டுக் கதவைத் தட்டி, "உன் பிள்ளை ஏன் பாடசாலைக்கு வரவில்லை?" என்று தண்டம் கேட்க ஒல்லாந்தரின் ஆள் எவனும் போக மாட்டான். மருதமடு, யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையிலான பாதையில் சுங்கச் சாவடி இருந்த இடமாகவும் சொல்லப்படுகிறது. நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ஓடியவர்கள் மனித வாடையே இல்லாத பெருங்காட்டுக்குள் போய் மறையவில்லை. உப்பும் துணியும் செய்தியும் கடந்துபோகிற ஒரு பாதையின் ஓரத்தில், ஆனால் ஒல்லாந்தரின் கை நீளாத தூரத்தில், நன்றாகக் கணக்குப் போட்டே குடியமர்ந்திருக்கிறார்கள்.

குருக்கள் இல்லாத காலம் 1658 முதல் 1687 வரை, 29 ஆண்டுகள். அந்த ஆண்டுதான் கோவாவைச் சேர்ந்த ஒராத்தோரியன் சபைக் குருவான யோசேப் வாஸ் அடிகளார் கூலியாளைப் போல வேடமிட்டு இலங்கைக்குள் நுழைந்தார். அவர் தங்கியிருந்து இரவுகளில் பூசை ஒப்புக்கொடுத்த ஊர் யாழ்ப்பாணத்துச் சில்லாலை. 1689 நத்தார் (கிறிஸ்மஸ்) இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் வீடுகளைச் சுற்றிவளைத்து ஏறத்தாழ 300 பேரைப் பிடித்தார்கள். அடிகளார் தப்பி, கண்டியரசனின் ஆட்சியில் இருந்த புத்தளத்தை அடைந்தார். ஆகவே 1670 உடன் ஓட்டம் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். குடாநாட்டில் நெருக்கடி முற்றும்போதெல்லாம் வன்னிக்கு ஆள் வந்துகொண்டே இருந்திருக்கும்.

பதில் 2: வெள்ளவத்தை மங்கை

பழஞ்சுவடி ஐயா சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். குரு இல்லாத ஊரில் சமயம் நின்றது ஊர்க் கோவிலை நடத்திய மூப்பராலும், சமயம் கற்பித்த உபதேசியாராலும். அவர்களைவிட அதிகமாக, வீட்டுப் பெண்களின் செபமாலையால். சாகும் நிலையிலுள்ள குழந்தைக்கு எந்தக் கிறிஸ்தவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் விதி. ஆதலால் பூசையும், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும்தான் இல்லாமற் போனவை. செபமும் ஞானஸ்நானமும் நோன்பும் கைவிட்டுப் போகவில்லை.

பின்வந்த தலைமுறைகளுக்கு வேறொரு துணையும் கிடைத்தது. 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். இயேசுவின் பாடுகளைப் பற்றிய அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் எங்கள் பகுதிக் கோவில்களில் இன்றும் வாசிக்கப்படுகிறது. என் அம்மம்மா பேசாலையைச் சேர்ந்தவர். பிரசங்கம் வாசிக்கும் நாட்களில் பெண்கள் நிலத்தில் பாய் விரித்து இருப்பார்கள். வாசிப்பவர் ஒப்பாரி போன்ற அந்த இராகத்தை இழுத்து மூச்சு வாங்கும் இடத்தில், அடுத்த சொல்லை அம்மம்மா உதட்டுக்குள் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. குருவானவர் வருடத்துக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் ஒரு ஊர் தன் சமயத்தை எப்படி வைத்திருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு அம்மம்மாவின் உதடுகள்தான் நினைவுக்கு வரும்.

பதில் 3: முருங்கன் ஓய்வுநிலை

நான் நீர்ப்பாசன வேலையில் காலம் கழித்து, இப்போது வத்தளையில் மகளோடு இருப்பவன். தம்பியின் கடைசிக் கேள்விக்கு, அதாவது குடியிருப்பு எங்கே போயிற்று என்பதற்கு, என் தொழில் வழியாக ஒரு விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வன்னியில் ஊர் என்றால் அதற்குக் குளம் வேண்டும். குளம், அதன் கீழ் வயல், வயலுக்கு அப்பால் சேனை (காடு வெட்டிப் பயிரிடும் மேட்டுநிலம்), இவை மூன்றும் இருந்தால்தான் அது தலைமுறை தாண்டும். மாந்தையிலும் குடாநாட்டிலும் இருந்து ஓடி வந்தவர்களுட் பலர் கரையோர மக்கள். கடலோடும் சங்கோடும் உப்போடும் பழகிய கைகள் காட்டை வெட்டி மானாவாரி விதைத்துப் பிழைத்திருக்கும். ஆனால் விரும்பித் தங்கியிருக்க மாட்டா. அதோடு காய்ச்சல். மலேரியாவாலும், குளங்கள் உடைந்து திருத்துவாரற்றுக் கிடந்ததாலும், 19 ஆம் நூற்றாண்டின் வன்னி ஆளொழிந்த நிலமாயிற்று என்பதை ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவற்றில் திரும்பத் திரும்பக் காணலாம். சைவ ஊர்களும் அழிந்தன. கத்தோலிக்க ஊருக்கு மட்டும் விலக்கு இருந்திருக்க முடியாது.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1796 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806 இல் ஆளுநர் மெயிற்லண்ட் காலத்தில் கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. இங்கிலாந்திலேயே கத்தோலிக்கருக்கு முழு உரிமை 1829 வரை கிடைக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இங்கே 23 ஆண்டு முந்திவிட்டது. அச்சம் நீங்கிய பின் கரையோர மக்களுக்குக் காட்டில் என்ன வேலை? அரிப்பில் முத்துக்குளிப்பு இருந்தது, மன்னாரில் மீன் இருந்தது. அவர்கள் கரைக்குத் திரும்பினார்கள்; மாதாவைத் திரும்பக் கொண்டுபோகவில்லை என்பதே என் கணிப்பு. ஏன் கொண்டுபோகவில்லை என்றால், அதற்குள் மடு மாந்தைக்காரருக்கு மட்டும் உரிய இடமாக இல்லாமல் போய்விட்டது. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் சிங்களக் கத்தோலிக்கரும் வரத் தொடங்கிய ஒரு கோவிலை எந்த ஊரார் வந்து "எங்களுடையது" என்று தூக்கிக்கொண்டு போவது?

யாழ்ப்பாண ஆயராக இருந்த பொன்ஜான் ஆண்டகை 1872 இல் புதிய கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். அவரே பின்னர் உங்கள் கொழும்பின் பேராயரானவர். அவர் காலத்தில் ஆடித் திருவிழா பெருந்திருவிழாவாயிற்று. பதினோராம் பத்திநாதப் பாப்பரசரின் அனுமதியோடு முடிசூட்டு விழா நடந்ததும் அதே ஆடித் திருநாளில், 1924 ஜூலை 2 ஆம் திகதி. மாட்டு வண்டியில் வந்து மரத்தடியில் கிடுகுக் கொட்டில் போட்டுக் கிடந்த காலம் போய், 1914 இல் தலைமன்னார் வரை புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்பு கொழும்புக் கோட்டையில் ஏறி மடு வீதியில் இறங்கலாம் என்றாயிற்று. ஊர் கலைந்த இடத்தில் ஆண்டுக்கு இரண்டொரு முறை இலட்சம் பேர் கூடும் ஊர் உண்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் மடு மறுபடியும் ஒரு குடியிருப்பாக மாறிய காலம் ஒன்று உண்டு. அதை நான் கண்ணால் கண்டவன். 1990 முதல் போரால் இடம்பெயர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் அங்கே முகாம் நடத்தியது. கூடாரத் துணியும் கிடுகும் கலந்து கட்டிய குடிசைகள், கிணற்றடியில் விடியுமுன்பே வரிசையில் நிற்கும் குடங்கள், கோவில் வளவுக்குள் சைவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் சமைத்த சோறு. 1999 நவம்பர் 20 ஆம் திகதி இரவு எறிகணை வீச்சில் அங்கே தஞ்சமிருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் கொல்லப்பட்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அது திரும்பி வந்தது. சனம் மட்டும் திரும்பி வந்து மடுவில் குடியிருக்கவில்லை. தத்தம் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முதற் குடியிருப்பும் இப்படித்தான் கலைந்திருக்கும் என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதில் 4: மாத்தளையான்

முருங்கன் ஐயா சொன்னதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் கலேவெலப் பக்கமாக அமைந்துள்ள வஹகோட்டை என்னும் சிற்றூர், இதே ஒல்லாந்த நெருக்கடியால் உருவான கத்தோலிக்கக் குடியிருப்புத்தான். ஆனால் அங்கே கோவிலும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது.

கொழும்பு வீழ்ந்த பின், போர்த்துக்கேயரும் அவர்களோடு கலந்த குடும்பங்களும் சுதேசக் கத்தோலிக்கரும் கண்டி இராச்சியத்துக்குள் அடைக்கலம் தேடினார்கள். அப்போதைய அரசன் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயரை விரட்ட 1638 இல் ஒல்லாந்தரை ஒப்பந்தம் செய்து அழைத்தவனும் அவனே, ஒல்லாந்தரோடு பகை முற்றியபின் ஓடி வந்த போர்த்துக்கேயரை இருத்தி வைத்தவனும் அவனே. அவனுடைய சமய நோக்கு எப்படிப்பட்டதென்று ஆராய்வதில் பயனில்லை. ஒல்லாந்தனுக்கு எவன் பகையோ அவன் தனக்கு வேண்டியவன் என்பதுதான் அவனுடைய நியாயம். அந்தப் பறங்கி வழியினரின் பரம்பரையே வஹகோட்டைக் கத்தோலிக்கர் என்பது அவ்வூரின் வரலாறு. இன்று அவர்கள் பேசுவது சிங்களம்; ஊரின் பாதுகாவலர் புனித அந்தோனியார். ஜூன் 13 ஆம் திகதித் திருநாளை ஒட்டி மாத்தளைத் தோட்டங்களிலிருந்து எங்கள் தமிழ்ச் சனமும் அங்கே போகும்.

வேறுபாடு எங்கே என்று பாருங்கள். கண்டி இராச்சியத்தில் நிலம் அரசனுடையது. அவன் இருத்திய குடி, சேவைக்குப் பதிலாக அந்த நிலத்தை அனுபவித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். ஆகவே வஹகோட்டையார் தொடக்கத்திலிருந்தே வயலோடு ஒட்டிய குடிகள். மடுவுக்குப் போனவர்களுக்கோ அரசனின் கொடையும் இல்லை, கட்டாயமும் இல்லை. கண்டியில் கத்தோலிக்கருக்கு எல்லாம் சுமுகமாக இருந்ததென்றும் எண்ண வேண்டாம். 1692 இல் கண்டிக்குப் போன யோசேப் வாஸ் அடிகளாரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்து இரண்டாம் விமலதர்மசூரியன் காவலில் வைத்தான். பின்பு 1697 இல் அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளை அடிகளார் பராமரித்ததைக் கண்டுதான் அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தான். அடிகளார் 1711 இல் கண்டியிலேயே இறந்தார். 1740களில், முதல் நாயக்க அரசனான ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் ஆட்சியில் குருக்கள் இராச்சியத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். அரசன் தென்னாட்டிலிருந்து வந்த நாயக்கனாக இருந்தும் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதன்பின் வஹகோட்டையும் குரு இல்லாமல் செபத்தாலேயே தலைமுறைகளைக் கழித்த ஊராயிற்று.

கேள்வியாளர்: ஜம்பட்டா வீதியான்

இவ்வளவு விரிவான விளக்கங்களை நான் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்த பின் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து வுல்பெண்டால் தேவாலயம் வரை நடந்து போய்ப் பார்த்தேன். ஒல்லாந்தர் 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் திறந்த அந்தக் கட்டடத்தின் சுவர்த் தடிப்பைப் பார்த்தால், இவர்கள் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர் என்பது விளங்குகிறது.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. மன்னார் வீழ்ந்தது 1658 இல். மாந்தையார் புறப்பட்டது 1670 இல். இடையில் 12 ஆண்டுகள் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? என் பாட்டனாரின் முன்னோர் உண்மையிலேயே போனவர்களா, அல்லது கரையிலேயே தங்கிச் சீர்திருத்தச் சபைக்காரரைப் போல நடித்தவர்களா என்று அறிய ஏதேனும் வழி இருக்கிறதா?

பதில் 5: பழஞ்சுவடி

முதல் ஐயத்துக்கு விடை தோம்புகளில், அதாவது ஒல்லாந்தரின் பதிவேடுகளில், இருக்கிறது. ஒல்லாந்தர் பாடசாலைதோறும் தோம்பு வைத்து ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்தார்கள். அதிற் பதியாத திருமணம் சட்டத்தின் முன் செல்லாது. செல்லாத திருமணத்திற் பிறந்த பிள்ளைக்குக் காணி உரிமையில் வழக்கு வரும். ஆகையால் காணி உள்ளவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போதகரிடம் போனான், பெயரைப் பதிவித்தான், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னான். போதகர்களும் விரல் விட்டு எண்ணக்கூடிய தொகையினர். பால்டேயஸ் போன்ற ஓரிருவரே தமிழிற் பிரசங்கிக்கக் கற்றார்கள். எனவே தொடக்க ஆண்டுகளில் வெளிக்கு ஒன்றும் உள்ளுக்கு ஒன்றுமாக வாழ முடிந்திருக்கும். கோவிலிலிருந்த சொரூபத்தை அப்படி இரண்டு விதமாக வைத்திருக்க முடியாது. அது கையிலிருந்தவர்களுக்குத்தான் புறப்பட வேண்டிய கட்டாயம் அதிகம். மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மட்டுமே போயின என்று மரபு சிறிய எண்ணைச் சொல்வது எனக்கு இதனாலேயே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. மற்றவர்கள் காணியோடும் கடலோடும் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களை நடித்தவர்கள் என்று சொல்லத் தயங்குவேன் தம்பி. 1806 க்குப் பின் அந்தக் கரை முழுவதும் கத்தோலிக்கமாகவே வெளிப்பட்டது.

இரண்டாவது ஐயத்துக்கு, நானாட்டான் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள். பாட்டனாரின் பெயரிலிருந்து பின்னோக்கி, பெற்றோர், ஞானத் தாய் தந்தையர் என்று போக வேண்டும். ஞானப் பெற்றோரின் ஊர்ப் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். உறவுக் கிளை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். அதற்கும் முந்திய காலத்துக்குக் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இங்கே ஆட்சி நடத்திய ஒல்லாந்த வணிகக் கும்பனியின் ஆவணங்கள் இருக்கின்றன. அவை பழைய ஒல்லாந்த மொழியில், பழகாத கண்ணுக்கு எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் உள்ளவை. ஆகவே முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாக அச்சானவற்றைப் படியுங்கள். யாழ்ப்பாணத் தளபதியாக இருந்த ஸ்வார்தகுரூன் 1697 இல் தமக்குப் பின் வருவோருக்காக எழுதி வைத்த நீண்ட குறிப்பில் வன்னியரின் யானைத் திறை நிலுவைகளும் பாடசாலைகளின் நிலையும் பேசப்படுகின்றன. மறுபக்கத்தை அறிய, ஒராத்தோரியன் குருக்கள் கோவாவுக்கு எழுதிய கடிதங்களை இயேசு சபையின் எஸ். ஜி. பெரேரா அடிகளார் மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறார். குருக்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள், எங்கே எத்தனை பேர் கூடினார்கள் என்ற செய்திகளை அவற்றில் தேடலாம்.

சுவடிகள் திணைக்களத்துக்குப் போகும்போது தேசிய அடையாள அட்டையையும், எந்தக் காலத்து எந்தப் பகுதி ஆவணம் வேண்டும் என்று எழுதிய தாளையும் கையில் வைத்திருங்கள். மன்னாரை "மனார்" என்றும் மாதோட்டத்தை "மாந்தோட்டே" என்றும் ஒல்லாந்தர் பலவாறாக எழுதியிருப்பதால், அட்டவணையில் ஓர் எழுத்துக்கூட்டில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும்.